வெறுமையான இதயம்: பிள்ளைகள் பயணம் போன வீடும் நமது கதைகளும்

சில வருடங்களுக்கு முன்னர் சமூக அமைப்பொன்று நடத்திய சிறுகதைப் போட்டியில் நடுவர்கள் மூவரில் ஒருவனாக இருந்தேன். வந்திருந்த கதைகளுள் ஒன்று கொட்டாஞ்சேனையில் நடப்பது. எழுதியவர் ஒரு பெண்மணி. மகன் மெல்பர்னுக்குப் படிக்கப் போன மறுநாள், உம்மா அரிசிப் பேணிக்குள் சுண்டை விட்டு வழமைபோல் மூன்று சுண்டு அளக்கிறா. பிறகு ஒன்றைத் திரும்பப் பேணிக்குள் கொட்டுகிறா. வாப்பா பள்ளிக்குப் போய் வருகிறார். இருவரும் சாப்பிடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

அந்தப் பிரதியின் ஓரத்தில் நான் எழுதிய குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது: "சம்பவம் இல்லை. முடிவு பலவீனம். படிப்பினை எதுவும் இல்லை." முதற் பரிசு வேறொரு கதைக்குப் போனது. வாப்பாவை முதியோர் இல்லத்தில் விட்ட மகன் ஜனாஸாவின் பக்கத்தில் நின்று கதறுகிற கதை அது. அந்தத் தெரிவில் எனக்கு அன்று எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

போன வருடம் எங்கள் கடைசி மகள் ரொறன்ரோவுக்குப் போனாள். நல்ல விஷயம்தான், அல்ஹம்துலில்லாஹ். மூன்றாம் நாள் காலை வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனைக் கடையில் பாண் வாங்கப் போனேன். வழமையாக இரண்டு இறாத்தல் வாங்குகிறவன் ஒரு இறாத்தல் கேட்டேன். கடைப் பொடியன், "ஏன் ஹாஜியார், ஒண்டுதான் வேணுமா?" என்றான். சாதாரணக் கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. பாணை வாங்கிக்கொண்டு நடக்கிறபோது, கொட்டாஞ்சேனை உம்மாவின் மூன்றாவது சுண்டு ஞாபகத்துக்கு வந்தது. நான் விமர்சனம் என்ற பேரில் என்ன செய்திருக்கிறேன் என்று யோசிக்கத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். அந்த யோசனையே இந்தக் கட்டுரை.

பயணியின் பின்னால் போகும் கதை

நமது புனைகதை மரபு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். 1885 இல் அறிஞர் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882 இல் தொடங்கி நடத்திய அதே கை எழுதியது. எகிப்தில் பெரிய குடும்பமொன்றில் பிறந்த பிள்ளை களவாடப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, ஊர் ஊராக அலைந்து பல சோதனைகளைக் கடந்து கடைசியில் தன் பிறப்பை அறிகிறது. அதாவது நம் முதல் நாவலே பிள்ளை இல்லாமற் போன வீட்டின் கதை. ஆனால் நாவல் அந்த வீட்டில் நிற்கவில்லை, பிள்ளையின் பின்னாலேயே ஓடுகிறது. பம்பாயையும் கல்கத்தாவையும் பார்க்கிறோம். கெய்ரோவில் பிள்ளை இல்லாத அறையைக் கடந்து போன உம்மாவின் நாட்களைப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்து நாவலிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சித்திலெப்பைக்கு வேறு வேலை இருந்தது: ஒரு சமூகத்துக்குக் கல்வியின் மீதும் உலகத்தின் மீதும் ஆசை ஊட்ட வேண்டும். என் கேள்வி அவரிடம் அல்ல. அதற்குப் பிறகு வந்த நூற்று நாற்பது ஆண்டுகளிலும் நாம் ஏன் பயணியின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதுதான்.

யூசுப் நபி (அலை) அவர்களுடைய வரலாற்றைத் தமிழ் எப்படி எடுத்துக்கொண்டது என்பதும் இதைத்தான் காட்டுகிறது. மதாறு சாகிபுப் புலவரின் 'யூசுபு நபி கிஸ்ஸா' நம் மூத்தவர்களின் வீடுகளில் இருந்தது. பிறகு வந்த சாரணபாஸ்கரனின் காவியத்துக்குப் பெயரே 'யூசுப் ஜுலைகா'. கிணறும் அரண்மனையும் காதலும் சிறையும் தமிழில் நன்றாக வளர்ந்தன. கன்ஆனில் இருந்த தந்தையின் நாட்களை மட்டும் மையமாக வைத்து நவீன காலத்தில் எழுதப்பட்ட நெடும் படைப்பெதுவும் என் வாசிப்பில் வரவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். வெள்ளவத்தையிலிருந்து வெளிவரும் 'ஞானம்' சஞ்சிகை தன் 175ஆவது இதழை 2014 இல் ஈழத்துப் புலம்பெயர் இலக்கியச் சிறப்பிதழாகக் கொண்டுவந்தது. கிட்டத்தட்ட ஒரு கலைக்களஞ்சியம் போன்ற பெரும் முயற்சி அது. போனவர்களுக்கு இலக்கியம் இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து வாடகை வேனில் திரும்பி வந்தவர்களுடைய எழுத்துக்கு இன்னும் ஒரு பெயர்கூட வைக்கப்படவில்லை.

ஏக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பேராசிரியர் எம்.ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்புகள் வழியாகப் பலஸ்தீனக் கவிதை நமக்கு அந்நியமில்லை. அந்த மரபின் பெருங்கவிஞர் மஹ்மூத் தர்வீஷ், தாயின் ரொட்டிக்கும் கோப்பிக்கும் ஏங்கிப் பாடிய கவிதை அரபுலகம் முழுதும் பாட்டாக ஒலிக்கிறது. அது பிள்ளையிடமிருந்து தாயை நோக்கி ஓடும் ஏக்கம். தமிழிலும் இந்தத் திசையில் நிறைய உண்டு. ரொட்டி சுட்ட கை பிறகு என்ன செய்தது என்று கேட்கிற கவிதைதான் குறைவு.

கொழும்பே வெளிநாடாக இருந்த காலம்

இந்த மௌனத்துக்குக் காரணம் அனுபவம் இல்லாமையா? இல்லை. இந்த நகரத்தைப்போல் இந்த அனுபவம் செறிந்த இடம் குறைவு.

ஒரு காலத்தில் கொழும்புதான் "பயணம்" என்ற சொல்லின் பொருள். காயல்பட்டினத்திலும் அதையொட்டிய கரையோர ஊர்களிலும் இருந்து இளைஞர்கள் இங்கே கடைகளுக்கு வந்தார்கள். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்த வழி நெருக்கமாக இருந்தது. புறக்கோட்டைக் கடை மாடியில் படுத்துறங்கிய பொடியனுக்கு ஊரில் ஒரு உம்மா இருந்தா. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' ஆண்கள் கடல் கடந்து போய்விட்ட ஒரு தமிழ்நாட்டு முஸ்லிம் ஊரின் பெண்களை உள்ளேயிருந்து காட்டியது. ஆனால் அங்கேயும் முதன்மையாக நிற்பது கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி. மகனுக்காகக் காத்திருக்கும் உம்மா அடுப்படியில் ஒரு ஓரத்தில்தான்.

பிறகு திசை மாறியது. 1983க்குப் பின் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பிள்ளைகளை அனுப்பிவைக்கிற வாசல்களாயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளத்துக்குப் போனார்கள், ஒரு பகுதியினர் கொழும்புக்கு வந்தார்கள். வீட்டை இழந்தவர்களுக்குப் பிள்ளையின் பயணம் இரண்டாவது பிரிவு. அதே ஒழுங்கைகளில் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெற்றோர் லொட்ஜ்களில் தங்கியிருந்தார்கள். எனக்கு நல்ல நினைவு இருக்கிறது: காலி வீதியோரக் கொமியூனிகேஷன் கடைகளில் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, நிமிடக் கணக்கைப் பார்த்தபடி, சத்தமாகக் கதைத்துவிட்டு, வெளியே வந்ததும் சத்தமே இல்லாமல் நடந்து போன அம்மாக்கள். 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அரசியல் கட்டுரைகளில் இது பதிவாகியிருக்கிறது. லொட்ஜில் தங்கி வெளிநாட்டிலிருந்து பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை என்பது அக்கட்டுரைகளின் வேலையல்ல. அது கதைகளின் வேலை.

மத்திய கிழக்குப் பயணம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே உம்மாவே போனா, பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதைப் பற்றி நமக்கு நிறையக் கதைகள் உண்டு. சில இடங்களில் பிள்ளையே போனது. மூதூரிலிருந்து 2005 இல் சவூதிக்குப் போன ரிஸானா நபீக் 2013 ஜனவரி 9 அன்று தண்டனைக்குள்ளானார். அந்தப் பெற்றோர் காத்திருந்தது ஏழரை வருடம். ரிஸானாவுக்காக எழுதப்பட்ட கவிதைகளில் நான் படித்தவை பெரும்பாலும் நீதிபதியிடம், அரசிடம், ஷெய்க்கிடம், ஏஜென்சியிடம் பேசின. கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஏழரை வருடத்தில் ஒரு சாதாரணத் திங்கட்கிழமை அந்த வீட்டில் எப்படி விடிந்திருக்கும் என்று கேட்ட கவிதையை நான் இன்னும் தேடுகிறேன்.

கடைசியாக 2022. பொருளாதாரம் விழுந்த அந்த ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைவாய்ப்புக்காகப் பதிவு செய்து வெளிநாடு போனார்கள். படிக்கப் போனவர்கள், நிரந்தரமாகக் குடியேறியவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. பத்தரமுல்லையில் பாஸ்போட் வரிசையில் இரவிரவாக நின்றவர்களில் வாப்பாமாரும் இருந்தார்கள், பிள்ளைக்கு இடம் பிடித்துக்கொடுக்க. தன் வீட்டை வெறுமையாக்கும் வரிசையில் தானே நிற்கிற மனிதனைவிட நல்ல கதாபாத்திரம் ஒரு எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்?

கிழக்கில் வீடு யாருக்கு?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. 'வெற்றுக்கூடு' என்று ஆங்கில வழக்கிலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லை நம் குடும்பங்களின்மேல் அப்படியே ஒட்ட முடியாது. வளர்ந்த பிள்ளை பதினெட்டு வயதில் தனியே போவது என்ற வழக்கம் நமக்கு இருந்ததில்லை.

கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கங்களில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பல இடங்களில் பெற்றோர் அதே வளவுக்குள் சின்ன வீடொன்றுக்கு ஒதுங்குவார்கள். அதாவது கூட்டை விட்டுப் போவது குஞ்சு அல்ல, தாய்ப்பறவை! ஆனாலும் மகளின் அடுப்புப் புகை தெரிகிற தூரம்தான். கொழும்பு முஸ்லிம் குடும்பங்களிலும் மகன் கலியாணத்தோடு மனைவி வீட்டுக்குப் போவது சாதாரணம். அதற்கு உம்மாமார் மனதைத் தயார்படுத்தியிருந்தார்கள். "பொம்புளப் புள்ள பக்கத்துல ஈக்குமே" என்பது தலைமுறை தலைமுறையாக இருந்த ஆறுதல்.

இன்று உடைந்திருப்பது இந்த ஆறுதல்தான். மகளும் படிக்கிறாள், மகளும் போகிறாள். மருமகனோடு போகிறாள், அல்லது தனியாகவே போகிறாள். மகளுக்கென்று வெள்ளவத்தையில் வாங்கிய பிளட்டில் பெற்றோர் இருவரும் பாரா வேலைக்காரர்களைப்போல் இருக்கிறார்கள். கடிதம் எழுத ஆளில்லாத பிரச்சினை இல்லை, வட்ஸ்அப் இருக்கிறது. நமது ஸுபஹுத் தொழுகை நேரம் ரொறன்ரோவில் முந்தின நாள் மாலை. முஸல்லாவை மடித்துவிட்டு உம்மா போனை எடுக்கிறா. "சாப்பிட்டியா?" என்று தொடங்குகிறா. பிள்ளை வேலை முடிந்து பஸ்ஸில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் "சரி உம்மா, பிறகு எடுக்கிறேன்." இதில் யாரும் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. இருந்தாலும் வலிக்கிறது. யாரையும் குற்றஞ்சாட்ட முடியாத இந்த வலிக்குத்தான் நம் கதைகளில் இடம் இல்லை.

முதியோர் இல்லக் கதை

நம்மிடம் இருப்பது குற்றஞ்சாட்டுகிற கதை. அதன் அச்சு எல்லோருக்கும் தெரியும். பாடுபட்டு வளர்த்த வாப்பா, நன்றி மறந்த மகன், கொடிய மருமகள், முதியோர் இல்லம், மௌத், கண்ணீர். இதற்குத்தான் நான் முதற் பரிசு கொடுத்தேன். இந்தக் கதையின் நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. பெற்றோரைப் பேணுவது கடமை, அதை நினைவூட்டுவதும் நல்லதே. ஆனால் அது குத்பாவில் இன்னும் நன்றாகச் சொல்லப்படுகிறது. கதையாக அதில் மூன்று குறைகள் எனக்குப் படுகின்றன.

ஒன்று, இந்தக் கதைகளில் பெற்றோருக்கு நடுவயது இல்லை. பிள்ளையின் கலியாணப் பந்தலில் நாற்பத்தெட்டு வயதில் நிற்கும் உம்மா, அடுத்த பந்தியில் எழுபது வயதுக் கிழவியாகிக் கட்டிலில் கிடக்கிறா. இடையில் இருபது வருடம் எங்கே போனது? உடம்பில் தெம்பு இருந்து, வேலையும் இருந்து, ஆனால் காலையில் எழும்பினால் யாருக்காக எழும்புவது என்று தெரியாமல் நிற்கிற வயது அது.

இரண்டு, வாப்பாவுக்கு மனம் இல்லை. அவர் உழைக்கிறார், பிறகு கைவிடப்படுகிறார். பிள்ளை போனபின் அவர் பள்ளி நிர்வாகத்தில் அதிகம் தலையிடத் தொடங்குவதும், கடையை மூடாமல் இரவு பத்து மணிவரை உட்கார்ந்திருப்பதும் எதனால் என்று கேட்பாரில்லை. உம்மாவுக்காவது அழ அனுமதி உண்டு. அவருக்கு அதுவும் இல்லை. இருபத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே கதைத்துக்கொண்ட இருவர், இப்போது சாப்பாட்டு மேசையில் ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது சண்டையாகிறது. சிலருக்கு நிம்மதியாகவும் ஆகிறது. பிள்ளைகள் போனபின் தம்பதியரின் உறவு மேம்படுவதாகச் சொல்லும் மேற்கத்திய ஆய்வுகள் உண்டு. நம் பெண்களிலும் சிலர் அடங்கிய குரலில் சொல்வார்கள்: "இப்பத்தான் கொஞ்சம் மூச்சு உட ஈக்கிது." சொன்ன கையோடு அஸ்தஃபிருல்லாஹ் என்பார்கள். துக்கமும் நிம்மதியும் குற்றவுணர்வும் சேர்ந்திருக்கும் அந்த ஒரு வசனத்தை நம் கதைகள் தொடுவதே இல்லை.

மூன்று, கெட்டவர் ஒருவர் வேண்டியிருக்கிறது. யப்பானிய நெறியாளர் ஒஸுவின் 'டோக்கியோ கதை' 1953 இல் வந்த படம். ஊரிலிருந்து ஒரு முதிய தம்பதி டோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. கொடுமை எதுவும் நடப்பதில்லை. அதிக அன்பு காட்டுவது போரில் காணாமற்போன மகனின் விதவை மனைவி. மருமகளைக் கொடியவளாக்காமலே ஒரு கதையால் நெஞ்சைப் பிழிய முடியும் என்பதற்கு எழுபது வருடத்துக்கு முந்திய சாட்சி அது.

ஷுக்ரும் ஸப்ரும்

சிலர் சொல்லலாம்: பிள்ளை நல்ல இடத்தில் இருக்கும்போது கவலைப்படுவது ஷுக்ர் இல்லாத தன்மை, இதையெல்லாம் எழுதிப் பெரிதாக்க வேண்டுமா? நம் வீடுகளில் இது வலுவான வாதம். "மகன் எப்படி?" என்றால் "அல்ஹம்துலில்லாஹ், நல்லா ஈக்கிறான்" என்ற பதில் கதவைச் சாத்திவிடுகிறது. ஷுக்ர் உண்மையானதுதான். ஆனால் கேட்கப்பட்டது மகனைப் பற்றி. உம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திருக்குர்ஆன் இந்த விஷயத்தில் நம் கதாசிரியர்களைவிட எவ்வளவு நுட்பமாக நடந்துகொள்கிறது என்று பாருங்கள். மூஸா நபி (அலை) அவர்களுடைய தாய் பிள்ளையை ஆற்றில் விட்டது அல்லாஹ்வின் கட்டளைப்படி. திரும்பக் கிடைக்கும் என்ற வாக்குறுதியும் இருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தாயின் இதயம் வெறுமையாகிவிட்டது என்று ஸூரா கஸஸ் பத்தாம் வசனம் சொல்கிறது. நன்மைக்காகவே நடந்த பிரிவிலும், வாக்குறுதி பெற்ற உள்ளத்திலும் வெறுமை வரும் என்பதை வேதமே மறைக்கவில்லை. அதற்காக அந்தத் தாயைக் கண்டிக்கவும் இல்லை. அவ இதயத்தை உறுதிப்படுத்தியதாகவே சொல்கிறது.

யஃகூப் நபி (அலை) அவர்களும் அப்படியே. அழகிய பொறுமை என்று சொன்னவரும் அவர்தான், துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போனவரும் அவர்தான். இன்னுமா யூசுபை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்ட மக்களிடம், தன் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாகச் சொல்கிறார். ஸப்ர் என்பது வாயை மூடிக்கொள்வது என்று நாம் எங்கிருந்து படித்தோம்? தன் கைக்குழந்தை இப்ராஹீம் மௌத்தானபோது நபி (ஸல்) அவர்களும் கண்ணீர் விட்டார்கள், அதைப் பார்த்த தோழர் ஒருவர் வியந்து கேட்டார் என்பது நாமெல்லாம் அறிந்த ஹதீஸ். ரப்புக்குப் பொருத்தமற்றதைச் சொல்லாதவரை கண்ணீருக்குத் தடையில்லை. அப்படியென்றால் கதைக்கு மட்டும் ஏன் தடை?

சம்பவம் இல்லை என்று அந்தப் பிரதியின் ஓரத்தில் எழுதினேனே, இப்போது விளங்குகிறது: மூன்றாவது சுண்டைத் திரும்பக் கொட்டியதுதான் சம்பவம். படிப்பினை இல்லை என்று எழுதியதும் பிழை. படிப்பினையை வேறொருவர் தலையில் சுமத்தாமல் விட்டதுதான் அந்தக் கதையின் பலம். படிப்பினை சொல்லாத எழுத்தைப் பலவீனம் என்று பழகிப்போன கண்ணால் வாசித்தேன். என்னைப்போன்ற நடுவர்களும் ஆசிரியர்களும் இத்தனை காலம் எதைத் திருப்பி அனுப்பினோமோ, அதில்தான் இந்தக் கட்டுரை முழுதும் நான் தேடிய எழுத்து போயிருக்கும். இல்லாத இலக்கியம் என்று சொன்னதில் ஒரு பகுதி எழுதப்படாதது அல்ல, நாம் ஏற்றுக்கொள்ளாதது.

அமைப்பாளர் ஒருவர் மூலம் அந்தப் பெண்மணியின் இலக்கத்தைத் தேடியெடுத்துப் பேசினேன். யாரென்று சொன்னதும் மரியாதையாகக் கதைத்தா. கதை நினைவிருக்கிறதா என்றேன். "அது ஒண்டும் நடக்காத கததானே சேர்" என்றா. குத்தலாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிவிட்டா. எழுதுவதை விட்டு அஞ்சு வருஷமாகிறதாம். பிரதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, மகனுடைய அறையில் பழைய கொப்பிகளோடு இருக்கும், பார்க்கிறேன் என்றா.

பிழை என்னுடையது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உங்கட புள்ளயளும் போய்ட்டாங்களா சேர்?" என்று கேட்டா.

பிரதி கிடைத்தால் இவ்விதழின் ஆசிரியரிடம் ஒப்படைப்பேன், இன்ஷா அல்லாஹ். இதுபோல் கொப்பிக்குள் மடங்கிக் கிடப்பவை வேறு வீடுகளிலும் இருக்கும். வாப்பாமாரும் எழுதலாம். நல்லா இருக்கிறான் என்ற பதிலுக்குப் பிறகு வருகிற வசனத்திலிருந்து தொடங்கினால் போதும்.